ஒரு மீற்றர் அகலம்

மச்சாள் அபிநயா ஹனோவரிலிருந்து வரும்போது
மடித்த புத்தகம் ஒன்று கொண்டு வந்தாள்.
மூன்று ஈரோ. விலைத்துண்டைச் சுரண்ட மறந்துவிட்டாள்.

"வழி காட்ட ஆள் தேவையில்லை.
நிலத்தில சிவப்புக் கோடு கீறியிருக்கு.
நாலு கிலோமீற்றர் சொச்சம், முப்பத்தாறு இடம்.
கோட்டைப் பிடிச்சு நடந்தால்
குதிரைச் சிலையின்ர வாலுக்குக் கீழ வந்து நிப்பாய்.
அங்கதான் எல்லாரும் ஆளை ஆள் சந்திக்கிறது."

வாலை நினைத்துச் சிரித்தேன்.
சிவப்பை நினைத்ததும் சிரிப்பு நின்றது.
முகமாலையில் ஆறு வருஷமாக
சிவப்புத் தலை பூசிய தடிகளுக்கு இந்தப் பக்கம்
முழங்காலில் நகர்கிறவள் நான்.
ஒரு மீற்றர் அகலப் பாதை. அதற்குள்தான் என் சம்பளம்.
"சிவப்பில நடக்கச் சொல்லுறாங்களா உங்கட ஊரில?"

ஞாயிற்றுக்கிழமை லீவு.
"எங்கட ஊருக்கும் ஒண்டு போட்டுத் தா" என்றாள்.
கொப்பித் தாளைக் கிழித்து எண் போட்டேன்.

ஒன்று: கிளிநொச்சி றெயில் நிலையம்.
புதுசு. மணிக்கூடு ஓடும். வேறொன்றும் இல்லை.

இரண்டு: தண்ணீர்த் தாங்கி விழுந்த இடம்.
தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து
முன்னால் நின்று படம் எடுத்தார்கள்.
விழும் வரைக்கும் அதற்குள் தண்ணீர் இருந்தது.
நாங்கள் குடித்தோம். கொஞ்சம் துரு மணக்கும்.

மூன்றைத் தாண்டி நான்கு போட்டிருந்தேன்.
ஏன் என்றாள்.
"அது வேற ஆக்களுக்குக் கட்டினது."

நான்கு: கரடிப்போக்கு, மரியநாயகத்தின் பேக்கரி.
ஓடும்போது பாண் தட்டுகளை மட்டும் ட்ரக்டரில் ஏற்றியவர்.
ஏழு ஊரில் அடுப்புக் கண்ட தட்டுகள்.
எல்லாத்துக்கும் ஒரு மூலை சப்பை.
மீன் பணிஸ் இரண்டு வாங்கினோம். ஒன்றில் மீன் இருந்தது.

வெயிலில் நடந்துகொண்டே அவள் தன் ஊரைச் சொன்னாள்:
குண்டு விழுந்த தேவாலயம் ஒன்று,
கூரை போடாமல் அப்படியே விட்டிருக்கிறார்களாம்.
மழை உள்ளே பெய்யுமாம்.
"வேணுமெண்டேவா?"
"வேணுமெண்டே."

எங்கள் வீடும் ஏழு வருஷம் அப்படி நின்றது.
வேணுமென்று இல்லை.
வீட்டுத்திட்டத்தில் எங்கட நம்பர் வரவில்லை.

பிறகு நகரசபை மண்டபத்தைச் சொன்னாள்:
அதே நகரத்தைச் சின்னதாய் நாலு தரம் செய்து
நாலு காலத்துக்கு நாலு மேசையில் வைத்திருக்கிறார்களாம்.
ஒரு மேசையில் சுவர்கள் மட்டும்.
"கிளிநொச்சிக்கு எந்தெந்த வருஷம் வைப்பாய்?"
தொண்ணூற்றாறு என்று விரலை மடித்தேன்.
தொண்ணூற்றெட்டு. பிறகு ஒன்பது. பிறகு அந்த ஒன்பதுக்குள்ளேயே இரண்டு.
ஒரு கை முடியப் பார்த்தது.
மற்றக் கையில் தண்ணீர்ப் போத்தல். விட்டுவிட்டேன்.

ஐந்துக்கு பஸ் எடுக்க வேண்டும்.
பரந்தன் தாண்டி, உமையாள்புரத்தில் இறங்கி,
உப்புக் காற்று முகத்தில் படத் தொடங்கும் இடத்தில்
வரம்பு ஒன்று போகும்.
"என்ர பின்னால வா" என்றேன்.
"இப்ப ஒண்டுமில்லை எண்டனீ?"
"ஒண்டுமில்லை. நீ பின்னால வா."
திரும்பிப் பார்த்தேன்.
என் செருப்புத் தடத்தில் அவளுடைய வெள்ளைச் சப்பாத்து
ஒவ்வொன்றாகப் பொருந்தி வந்தது.

தடி இல்லை, நாடா இல்லை, மண்டையோட்டுப் பலகை இல்லை.
முகமாலைக்குப் போக முதல்
நானும் பதினொரு பெண்களும்
இந்தக் காணியை விரற்கடை விரற்கடையாகக் கிண்டினோம்.
எத்தனை எடுத்தோம் என்று கொப்பியில் இருக்கும்.
கொப்பி கந்தோரில் இருக்கும்.

அபிநயா தாளைப் பார்த்தாள், காணியைப் பார்த்தாள்.
"அஞ்சு எண்டு போட்டிருக்கிறாய். என்ன இருக்கு இங்க?"
"கச்சான்."

காணிக்காரர் தவயோகம் எங்களைக் கண்டுவிட்டார்.
"பிள்ளை, இந்தா, விருந்தாளிக்குக் குடு" என்று
குனிந்து ஒரு செடியைக் கொத்தாகப் பிடித்து
ஒரே இழுவை, வேரோடு.

மண் தெறித்தது.
நான் மச்சாளின் கையைப் பிடித்து
வரம்பில் குந்தியிருந்தேன், கண்ணை மூடிக்கொண்டு.

அவர் செடியை உதறிக்கொண்டிருந்தார்.